அப்பாவுக்கு கோவிட் தொடர்பு: சனிக்கிழமை சந்திப்பு என்ன ஆகும்?

2023 டிசம்பரில் ஜே.என்.1 என்ற கொரோனா திரிபு இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது திருவனந்தபுரம் மாவட்டத்துக் கரகுளத்தில். தமிழக-கேரள எல்லையான களியக்காவிளையிலிருந்து வெகுதூரம் இல்லை. 2025 மே, ஜூனில் கேரளத்தில் எண்ணிக்கை மறுபடி ஏறியது. இப்படி ஏறும் ஒவ்வொரு முறையும் குமரி மாவட்டத்தில் சில வீடுகளில் ஒரு தனிக் குழப்பம் வந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்கிறார்கள். பிள்ளை மார்த்தாண்டத்தில் அம்மாவோடு. அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம், ஞாயிறு மாலை கொண்டுவந்து விட வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. புதன்கிழமை அப்பாவின் அலுவலகத்தில் ஒருவருக்குப் பாசிட்டிவ். சனிக்கிழமை பிள்ளையை அனுப்ப வேண்டுமா, வேண்டாமா?

அனுப்பாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு ஆகுமோ என்று அம்மாவுக்குப் பயம். கோவிட்டைச் சாக்காக வைத்துப் பிள்ளையை ஒரேயடியாகப் பிரித்துவிடுவார்களோ என்று அப்பாவுக்குப் பயம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. மருத்துவம், சட்டம், குடும்பம் என்று மூன்று கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதால்தான் சண்டை பெரிதாகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சொற்கள்

கஸ்டடி என்றால் பிள்ளை யாருடைய பொறுப்பில் தங்கி வளர்கிறது என்பது. விசிட்டேஷன் அல்லது சந்திப்பு உரிமை என்றால், பிள்ளை தங்காத பக்கத்துப் பெற்றோர் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் நேரில் பார்ப்பது. தொடர்பு உரிமை என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. போனிலோ வீடியோவிலோ பேசுவது அதில் அடங்கும். 2020 ஜனவரியில், நாட்டில் கொரோனா பரவுவதற்கு முன்பே, யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: அம்மா, அப்பா இருவரின் அன்பும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும், அது பிள்ளையின் உரிமை, கஸ்டடி கிடைக்காத பெற்றோர் தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வழி இருக்க வேண்டும், அதற்கு வீடியோ அழைப்பே நல்ல வழி.

உரிமை பிள்ளையுடையது என்பதை இந்தக் கட்டுரை முழுக்க மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சந்திப்பைத் தடுத்தால் அப்பா மட்டும் இழப்பதில்லை. தொற்று இருப்பதை மறைத்துப் பிள்ளையைக் கூட்டிப் போனால் அம்மா மட்டும் ஏமாறுவதில்லை.

தொடர்பு வேறு, தொற்று வேறு

இங்கே தொடர்பு என்பது பேச்சுத் தொடர்பு அல்ல. ‘எக்ஸ்போஷர்’ என்று டாக்டர்கள் சொல்வது, தொற்று உள்ளவரின் அருகில் இருந்ததை மட்டும்தான். அருகில் இருந்த எல்லோருக்கும் தொற்று வந்துவிடாது. மூடிய ஏசி அறையில் மாஸ்க் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஆபத்து அதிகம். திறந்தவெளியில் இரண்டு நிமிடம் நின்று பேசியிருந்தால் மிகக் குறைவு. ‘தொடர்பு இருந்தது’ என்று ஒற்றை வரியில் செய்தி வந்தால், எங்கே, எவ்வளவு நேரம், கடைசியாக எந்த நாள் என்று மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

1. கிருமி உடலுக்குள் புகுந்து அறிகுறி தெரிய ஆரம்பகால வகைகளில் சராசரியாக ஐந்து நாள் ஆனது. ஒமிக்ரான் வகைகளில் அது சுமார் மூன்று நாளாகக் குறைந்தது. அரிதாக 14 நாள் வரைகூட நீளலாம். தொடக்கத்தில் 14 நாள் தனிமை என்று வைத்ததற்குக் காரணம் அதுதான்.

2. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவலாம். ‘எனக்கு ஒன்றும் இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்ற பதில் போதாது என்பது இதனால்தான்.

3. தொடர்பு ஏற்பட்ட மறுநாளே டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று காட்டுவதில் பெரிய பயன் இல்லை. கிருமி பெருகி டெஸ்டில் சிக்கும் அளவுக்கு வர நாள் வேண்டும். வீட்டிலேயே எடுக்கும் ஆன்டிஜன் கிட்டுக்கு 2021 மே மாதத்தில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அனுமதி கொடுத்தபோதே, அறிகுறி இருந்து கிட்டில் நெகட்டிவ் வந்தால் ஆய்வகத்தில் செய்யும் ஆர்டிபிசிஆர் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது.

நம் உதாரணத்துக்கு வருவோம். புதன்கிழமை பாசிட்டிவ் ஆன சக ஊழியரை அப்பா கடைசியாகப் பார்த்தது திங்கள்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்களைப் பூஜ்யம் என்று எண்ணினால் சனிக்கிழமை ஐந்தாம் நாள். வியாழக்கிழமை எடுத்த டெஸ்டை நம்பிக் கிளம்பக் கூடாது. சனிக்கிழமை காலை காய்ச்சல், இருமல், தொண்டைவலி எதுவும் இல்லாமல், அன்று எடுத்த கிட்டிலும் நெகட்டிவ் வந்தால் ஆபத்து நன்றாகக் குறைந்திருக்கும். அடியோடு போய்விடாது. மிச்சமிருக்கும் அந்தச் சிறிய ஆபத்தைத் தாங்கலாமா என்பதைப் பிள்ளை வந்துபோகும் இரண்டு வீடுகளையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஆபத்து யாருக்கு?

பொதுவாகப் பிள்ளைகளுக்குக் கோவிட் லேசாக வந்துபோகிறது. கடுமையான ஆஸ்துமா, இதயக் கோளாறு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்று ஏதாவது இருந்தால் கதை வேறு. அந்தப் பிள்ளையின் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பெரும்பாலும் கவலைப்பட வேண்டியது பிள்ளை திரும்பிப்போகும் வீட்டை நினைத்து. நம் ஊரில் பிரிந்துவந்த மகள் பெரும்பாலும் தாய்வீட்டில்தான் இருப்பாள். அங்கே எழுபதைத் தாண்டிய பாட்டா இருப்பார், சர்க்கரை உள்ள ஆச்சி இருப்பார், சில வீடுகளில் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போகிறவர் இருப்பார். ஞாயிறு மாலை திரும்பி வரும் பிள்ளை நேராக ஓடுவது பாட்டாவின் மடிக்குத்தான். இரண்டு வீடுகளுக்கும் நடுவே போய்வருகிற ஒரே ஆள் அந்தப் பிள்ளை. ஒரு வீட்டின் தொடர்பு மறு வீட்டின் தொடர்பும் ஆகிவிடுகிறது. பிரிந்தவர்கள் பேசிக்கொள்ளாமல் இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு வீடும் தகவலைப் பரிமாறியே ஆக வேண்டும்.

மாஸ்க் பற்றியும் ஒரு வரி. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு மாஸ்க் பரிந்துரைக்கப்படவில்லை என்பதே மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல். ‘பிள்ளைக்கு மாஸ்க் போட்டு அனுப்பு’ என்று மூன்று வயதுக் குழந்தையின் அம்மாவை நெருக்குவதில் பொருள் இல்லை. பெரியவர் போட்டுக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளையின் நலமே எல்லாவற்றுக்கும் மேல் என்பதுதான் அடிப்படை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டத்தின் 17ஆவது பிரிவும், 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. கிறிஸ்தவர்கள் அதிகமாக வாழும் நம் மாவட்டத்தில், விவாகரத்து வழக்கு நடக்கும்போது 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 43ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு வாங்கியவர்களும் இருப்பார்கள். எந்த மதத்தவருக்கும் 1890ஆம் ஆண்டுச் சட்டம் பொது.

உத்தரவு ஒன்று இருந்தால், நீதிமன்றம் மாற்றும்வரை அது நடப்பில் இருக்கும். கோவிட் வந்ததால் அது தானாக நின்றுவிடாது. ஆனால் இருவரும் மனமொத்து ஒரு சனிக்கிழமையை அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள யாரும் தடை சொல்லப்போவதில்லை. ஊரடங்கு நேரத்தில், 2020 ஏப்ரலில், இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கே போனது. நேரில் பார்க்க முடியாத காலத்தில் மின்னணு வழியில் பேசிக்கொள்வதற்குப் பெற்றோர் தங்களுக்குள் ஒத்துப்போகலாம், குறை இருந்தால் குடும்ப நீதிமன்றத்தை அணுகலாம் என்ற அளவில் அது முடிந்தது. நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று எதையும் வைக்கவில்லை. அது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. தொட்டில் குழந்தைக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே விதி பொருந்தாது.

வெளிநாட்டு அனுபவம் ஒன்று இங்கே உதவும். 2020 மார்ச் 24 அன்று கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு தாய், கொரோனாவைக் காரணம் காட்டி ஒன்பது வயது மகனை அப்பா பார்ப்பதை நிறுத்திவைக்கக் கேட்டார். நீதிபதி அதை அவசர வழக்காக எடுத்துக்கொள்ளவில்லை. பொதுவான பயம் போதாது. மறு பெற்றோர் பாதுகாப்பு நடைமுறைகளை மீறுகிறார் என்றால் எங்கே, எப்படி என்று குறிப்பாகக் காட்ட வேண்டும் என்றார். கோவிட் விதிகளை மதிக்காத பெற்றோருக்கு இரண்டாம் வாய்ப்பு எளிதில் கிடைக்காது என்றும் எச்சரித்தார். அதே நாளில் இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றத் தலைமை நீதிபதி கொடுத்த வழிகாட்டுதலில், உத்தரவின் எழுத்தை அப்படியே பின்பற்ற முடியாவிட்டால் அதன் நோக்கத்தை வேறு வழியில் நிறைவேற்ற வேண்டும் என்று இருந்தது. இவை நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நடைமுறைக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

அவமதிப்பு பயம் பற்றி: 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் இருந்தால்தான் அது நீதிமன்ற அவமதிப்பு. உண்மையான தொடர்பு ஒன்றைச் சுட்டி, மாற்று நாளையும் சொல்லி, எழுத்தில் கேட்டவரின் நிலை வேறு. போனை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டவரின் நிலை வேறு.

குமரிக்கு உள்ள தனிக் கணக்கு

மூன்று சிக்கல்கள் இங்கே சேர்ந்து நிற்கின்றன.

முதலாவது, எல்லை. கேரளத்துப் பாறசாலையில் அப்பாவும் குழித்துறையில் அம்மாவும் இருந்தால், சாதாரண நாளில் அது ஒரு பஸ் பயணம். 2020இல் அதே தூரத்துக்கு இ-பாஸ் என்ற பயண அனுமதி வேண்டியிருந்தது. இறப்பு, திருமணம், மருத்துவம் என்று காரணம் காட்ட வேண்டும். பிள்ளையைப் பார்க்கப் போவது அந்தக் கட்டங்களுக்குள் எளிதில் அடங்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழகம் வருபவர்கள் ஆர்டிபிசிஆர் நெகட்டிவ் சான்றோ, இரண்டு டோஸ் தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டும் என்று விதி வந்தது. அத்தகைய கட்டுப்பாடு இன்று இல்லை. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனமே நெருக்கடி நிலையை முடித்துக்கொண்டது. ஆனால் திடீரென்று விதி மாறக்கூடிய எல்லை ஒன்று நடுவில் இருக்கும்போது, ‘போக்குவரத்துத் தடை வந்தால் என்ன செய்வோம்’ என்ற ஒரு வரி நீங்கள் இருவரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்பதால், அப்பா கேரளத்தில் இருந்தாலும் பிள்ளை மார்த்தாண்டத்தில் வளர்ந்தால் நம் மாவட்டத்துக்குத்தான் வர வேண்டும்.

இரண்டாவது, கடல். தூத்தூர், இரயுமன்துறை, வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் இருக்கும். இருபது நாள் கழித்து வரும் அப்பாவை ‘எங்கேயோ சுற்றிவிட்டு வருகிறார்’ என்று சந்தேகிப்பது தவறான கணக்கு. பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் இருந்த படகில் இருபது நாளாக யாருக்கும் காய்ச்சல் இல்லை என்றால், தினமும் கடையில் நூறு பேரைச் சந்திப்பவரைவிட அவருக்கு ஆபத்து குறைவு. கணக்கை அவர் கரை இறங்கிய நாளிலிருந்து தொடங்க வேண்டும். கொச்சியில் இறங்கி, நெரிசலான ரயிலில் வந்தார் என்றால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வளைகுடா. முப்பது நாள் லீவில் வரும் அப்பாவின் நிலைமைதான் மிகவும் வருத்தமானது. 2020 மே மாத விதிப்படி வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஏழு நாள் முகாமிலோ ஓட்டலிலோ தங்கி, அப்புறம் ஏழு நாள் வீட்டுத் தனிமையில் இருக்க வேண்டும். லீவில் பாதி அதிலேயே போய்விட்டது. ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்ற பதில் உள்ளூர் அப்பாவுக்குச் சரி, இவருக்கு அடுத்த வாரம் என்பது அடுத்த வருடம். இத்தகையவருக்குச் சந்திப்பைத் தள்ளிவைக்காமல் அதன் முறையை மாற்றுவதே நியாயம்: வீட்டுக்குள் இல்லாமல் முட்டம் கடற்கரையிலோ ஒரு தோப்பிலோ, மாஸ்க்கோடு, இரவுத் தங்கல் இல்லாமல், தினம் இரண்டு மணி நேரம்.

தள்ளிவைக்கும் முறை

ஒரே முடிவை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று: “கொரோனா இருக்கு, பிள்ளையை அனுப்ப முடியாது.” மற்றது: “உங்க ஆபீஸ்ல பாசிட்டிவ்னு சொன்னீங்க. அம்மைக்கு டயாலிசிஸ் நடக்குது, அதனால இந்த சனிக்கிழமை வேண்டாம். அடுத்த வெள்ளி சாயங்காலமே வந்து கூட்டிட்டுப் போங்க, ஞாயிறு ராத்திரி கொண்டு விட்டாப் போதும். அதுவரை தினம் ஏழரைக்கு வீடியோ கால்.” இரண்டாவது செய்தியில் காரணம், மாற்று நாள், இழந்த நேரத்துக்கு ஈடு, இடைக்கால வழி என நான்கும் இருக்கின்றன. பின்னால் நீதிபதி படித்தாலும் தலைகுனிய வேண்டாத செய்தி அது.

சண்டை இல்லாத நாளிலேயே இவற்றை எழுதி வைத்துக்கொள்வது நல்லது:

1. யார் வீட்டில் யாருக்குப் பாசிட்டிவ் வந்தாலும், தெரிந்த அன்றே மறு வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவிக்க வேண்டும். மறைத்தது பின்னர் தெரிந்தால் அடுத்த முறை உண்மையே சொன்னாலும் நம்ப ஆள் இருக்காது.

2. பாசிட்டிவ் ஆனவர் பெற்றோரே என்றால், தனிமை முடியும்வரை நேர்ச் சந்திப்பு இல்லை. 2022 ஜனவரியில் வந்த வீட்டுத் தனிமை வழிகாட்டுதலின் அளவு இது: பாசிட்டிவ் ஆனதிலிருந்து குறைந்தது ஏழு நாள், அதில் கடைசி மூன்று நாள் தொடர்ந்து காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இன்று அரசு கட்டாயப்படுத்தாவிட்டாலும் இருவரும் ஏற்கும் அளவாக இதை வைத்துக்கொள்ளலாம்.

3. தொடர்பு மட்டும் என்றால் ஐந்தாம் நாள் டெஸ்ட். இரு வீட்டிலும் ஆபத்தில் உள்ள முதியவர் இல்லாவிட்டால் நெகட்டிவ் வந்ததும் சந்திக்கலாம். இருந்தால் ஒரு வாரம் தள்ளலாம்.

4. தள்ளிப்போன ஒவ்வொரு நாளுக்கும் முப்பது நாளுக்குள் ஈடு. இந்த வரியைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். இது இல்லாததால்தான் ‘தள்ளிவைப்பு’ என்ற சொல்லே ‘மறுப்பு’ என்று காதில் விழுகிறது.

வீடியோ அழைப்பு எவ்வளவு தூரம் தாங்கும்?

ஆறு வயதுப் பிள்ளை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். “மக்களே, சாப்பிட்டியா?” என்று அப்பா கேட்கிறார். “ம்.” “ஸ்கூல்ல என்ன?” “ஒண்ணுமில்ல.” நாலாவது நிமிடம் பிள்ளை இறங்கிக் கோழிக்குஞ்சைப் பார்க்கப் போய்விடுகிறது. திரையில் மேற்கூரை மட்டும் தெரிகிறது. அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். பிள்ளைக்குத் தன்மேல் பாசமில்லை என்றோ, அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்றோ அவர் நினைத்தால் தவறு. அந்த வயதில் பாசத்தைப் பேச்சில் காட்டத் தெரியாது. சேர்ந்து ஏதாவது செய்வதில்தான் அது வெளிப்படும்.

எனவே அழைப்பில் கேள்விகளைக் குறைத்துச் செயலைக் கூட்ட வேண்டும். இருவரும் ஒரே படத்தை வரையலாம், அப்பா கதை வாசிக்கலாம், கோழிக்குஞ்சையே காட்டச் சொல்லலாம். அம்மா போனைச் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வீடியோ மட்டும் போதாது. அந்த வயதில் வீட்டு முற்றத்தில், திறந்தவெளியில் அரை மணி நேரம் நேரில் பார்க்க விடுவது எத்தனையோ மேல். எந்த வயதிலும் வீடியோவை மாதக்கணக்கில் நேர்ச் சந்திப்புக்குப் பதிலாக்கக் கூடாது. உச்ச நீதிமன்றம் தொடர்பு உரிமை என்று சொன்னதும் சந்திப்போடு சேர்த்துத்தான்.

ஒத்துவரவே இல்லை என்றால்

எழுத்தில் கேட்டும் பதில் இல்லை, அல்லது மூன்றாவது வாரமாக ஏதோ ஒரு காரணம் என்றால், உத்தரவு போட்ட நீதிமன்றத்திலேயே மனு போட்டு, மாற்று ஏற்பாடும் ஈட்டு நாட்களும் கேட்கலாம். செய்திகளின் ஸ்கிரீன்ஷாட், டெஸ்ட் முடிவு, மருத்துவச் சீட்டு மூன்றையும் தேதி வாரியாகச் சேர்த்துவைத்தால் வக்கீலுக்கு வேலை எளிது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். போலீசைக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்பது கடைசி வழியாகக்கூட வேண்டாம். பிள்ளை அதை மறக்காது.

வன்முறை காரணமாகப் பிரிந்த குடும்பங்களுக்கு மேலே சொன்ன நேரடிப் பேச்சு பொருந்தாது. அங்கே 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் வைத்த ஏற்பாட்டின்படி, வக்கீல் வழியாகவோ இருவரும் நம்பும் மூன்றாமவர் வழியாகவோதான் நாள் மாற்றம் பேச வேண்டும்.

பிள்ளையை வைத்திருப்பவரே படுத்துவிட்டால்

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. அம்மாவுக்குப் பாசிட்டிவ், ஆச்சிக்கும் காய்ச்சல். அப்பா “நான் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்கிறார். பிள்ளை ஏற்கனவே தொற்றுக்குள் இருந்தாயிற்று. கூட்டிப்போனால் அப்பாவின் வீட்டுக்கும் கிருமி போகலாம் என்று எண்ணியே அவர் முடிவெடுக்க வேண்டும். அவர் தனியாக இருக்கிறார், உடல்நிலை நன்றாக இருக்கிறது, தடுப்பூசி போட்டிருக்கிறார் என்றால் கூட்டிப்போவது நல்லதுதான். அவர் வீட்டிலும் முதியவர் இருந்தால், அம்மாவால் எழுந்து கஞ்சி வைக்க முடிகிறவரை பிள்ளை அங்கேயே இருப்பது மேல். அம்மாவை ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வந்துவிட்டால் மட்டும் யோசிக்க நேரம் இருக்காது. பிள்ளை அப்போது யாரிடம் போகும், எத்தனை நாள், குணமானதும் எந்த நாளில் திரும்பும் என்று மூன்று வரியை முன்பே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்க வேண்டும். திரும்பும் நாள் எழுதப்படாததால், உதவியாகக் கொடுத்த பத்து நாளே புது கஸ்டடி வழக்காக மாறிவிடலாம். பிள்ளையின் மருந்துச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூட போன் நம்பர், இரவில் கட்டிப்பிடித்துத் தூங்கும் போர்வை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு, எடுக்க வசதியான இடத்தில் வைத்துவிடுங்கள்.